கசிந்த கடவுச்சொல் பட்டியல்கள்: கட்டற்ற மென்பொருளுக்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது

'123456' என்று கடவுச்சொல் கொடுப்பவரைத் தடுத்து நிறுத்த மென்பொருளுக்கு ஒரு பட்டியல் தேவை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டியும் இதையே சொல்கிறது: புதிய கடவுச்சொல்லை ஏற்கும் முன், கசிந்தவையும் அடிக்கடி புழங்குபவையும் அடங்கிய பட்டியலோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பட்டியல்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்திலிருந்து திருடப்பட்ட தரவில் பிறந்தவை. வணிக நிறுவனம் என்றால் அதைச் சர்வரில் ஓசையில்லாமல் வைத்துக்கொள்ளும். கட்டற்ற மென்பொருளில் அது நடக்காது. மூலநிரலோடு சேர்ந்து வெளியே போகும் ஒவ்வொரு கோப்புக்கும் அது யாருடையது, எந்த உரிமத்தில் வருகிறது, எங்கிருந்து எடுத்தது என்று பதிப்புரிமைக் கோப்பில் எழுதியாக வேண்டும். பரவலாகப் புழங்கும் பட்டியல்களை இந்தக் கேள்விகளை வைத்தே இங்கே எடைபோடுகிறோம். கடவுச்சொல் உடைக்கும் பயிற்சிக்கு எது வேகமானது என்ற கணக்கு இங்கே வராது.

முதலில் சட்டம். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

தனி ஒரு கடவுச்சொல்லுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஒற்றைச் சொற்களையும் சிறு தொடர்களையும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்வதில்லை. மற்ற நாடுகளிலும் ஏறத்தாழ இதே நிலைதான். அடுத்து, கோடிக்கணக்கான கடவுச்சொற்களைத் திரட்டி வைத்தவருக்கு அந்தத் திரட்டின் மேல் உரிமை உண்டா? அமெரிக்காவில் 1991-ல் ஃபைஸ்ட் எதிர் ரூரல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. உழைப்பு மட்டும் உரிமை தராது. தேர்விலோ அடுக்கிலோ துளியாவது படைப்பாற்றல் இருக்க வேண்டும். அந்த வழக்கு தொலைபேசிப் புத்தகத்தின் அகரவரிசையைப் பற்றியது. கடவுச்சொற்களை எத்தனை முறை வந்தன என்ற எண்ணிக்கைப்படி அடுக்குவதும் அதே அளவு இயந்திரத்தனமான வேலைதான். ஒருவர் கையால் பொறுக்கி, தன் மதிப்பீட்டில் வகை பிரித்துத் தொகுத்திருந்தால் மட்டும் அந்தத் தேர்வுக்கு மெல்லிய பாதுகாப்பு இருக்கலாம்.

ஐரோப்பாவில் கதை வேறு. 1996-ன் தரவுத்தள ஆணை, பதிப்புரிமைக்கு வெளியே தனியாக ஓர் உரிமையைத் தருகிறது. தரவைத் திரட்டவும் சரிபார்க்கவும் கணிசமாக முதலீடு செய்தவருக்கு 15 ஆண்டுகள் அது செல்லும். அந்த உரிமை யாருக்கு என்பதை அதே ஆணையின் 11-வது பிரிவு வரையறுக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள், அங்கே வசிப்போர், அங்கே நிறுவப்பட்டு இயங்கும் நிறுவனங்கள். அதனால் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பயனர் அட்டவணை கசிந்தது என்பதாலேயே இந்த உரிமை முளைத்துவிடாது. ஆனால் பல கசிவுகளைச் சேர்த்து, துப்புரவு செய்து, எண்ணிப் பட்டியலாக்கிய தொகுப்பாளர் ஐரோப்பியராக இருந்தால் அவருடைய தொகுப்பின் மேல் இது படியலாம். 2004-ல் குதிரைப் பந்தயத் தரவு பற்றிய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. தரவை உருவாக்கச் செலவிட்டது கணக்கில் வராது, ஏற்கெனவே இருக்கும் தரவைத் தேடித் திரட்டச் செலவிட்டதுதான் வரும் என்றது. கசிவுகளைத் திரட்டுவோர் செய்வது சரியாக அந்த இரண்டாவது வேலை.

இதனால்தான் உரிமத்தின் பெயரோடு அதன் வயதையும் பார்க்க வேண்டும். எம்ஐடி, பிஎஸ்டி போன்ற மென்பொருள் உரிமங்கள் தரவுத்தள உரிமையைப் பற்றி வாயே திறப்பதில்லை. கிரியேட்டிவ் காமன்ஸின் 4.0 வரிசையும், எல்லா உரிமையையும் துறப்பதற்கான அதன் சிசி0-வும் அதைப் பெயர் சொல்லியே கையாள்கின்றன. 'பொதுக்களத்தில் விடுகிறேன்' என்ற ஒற்றை வரியைவிட சிசி0 பாதுகாப்பானது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெர்மனி போன்ற நாடுகளில் ஆசிரியர் தன் உரிமையை முழுக்கத் துறக்கவே முடியாது. அப்போது சிசி0-வுக்குள் இருக்கும் மாற்று உரிமம் கைகொடுக்கும்.

பதிப்புரிமையைக் கடந்தாலும் தனிநபர் தரவு என்ற அடுத்த தடை நிற்கிறது. அதைப் பட்டியல்களைப் பார்க்கும்போது தொடுவோம்.

ராக்யூ பட்டியல்

2009 டிசம்பரில் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தின் தரவுத்தளம் எஸ்கியூஎல் ஊடுருவலில் (உள்ளீட்டுப் பெட்டி வழியே தரவுத்தளக் கட்டளையைப் புகுத்துவது) பறிபோனது. 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே சேமிக்கப்பட்டிருந்தன. மீண்டும் மீண்டும் வந்தவற்றைக் கழித்தபின் எஞ்சிய 1 கோடியே 43 லட்சம் வரிகள்தான் இன்று ராக்யூ பட்டியல் என்று உலவுவது. பாதுகாப்புச் சோதனைக்கான காலி லினக்ஸில் வேர்ட்லிஸ்ட்ஸ் என்ற பேக்கேஜில் ஜிசிப் செய்யப்பட்டு வருகிறது. விரித்தால் சுமார் 140 எம்பி.

ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஈடு இல்லை. மனிதர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்தவை, எந்த விதிமுறையும் கட்டாயப்படுத்தாதவை, வரிசையும் எண்ணிக்கைப்படி அமைந்தது. ஆனால் உங்கள் மென்பொருளின் மூலநிரல் பொதிக்குள் இதை வைக்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து. பதிப்புரிமை வழக்கு வரும் என்ற அச்சத்தால் சொல்லவில்லை. மேலே சொன்ன கணக்குப்படி அந்த வாய்ப்பு குறைவு. சிக்கல் என்னவென்றால், இந்தப் பட்டியலுக்கு உரிமம் கொடுக்க உரிமையுள்ள எவரும் இதுவரை எதையும் கொடுக்கவில்லை. பதிப்புரிமைக் கோப்பில் 'உரிமம்' என்ற வரிக்கு எதிரே நேர்மையாக எழுத ஒன்றுமில்லை.

அதைவிடப் பெரிய குறை பட்டியலின் வால்பகுதியில் இருக்கிறது. ஒரே ஒரு முறை வந்த கடவுச்சொற்களே இதில் பெரும்பங்கு. அவற்றுக்குள் மின்னஞ்சல் முகவரிகள், தொலைபேசி எண்கள், முழுப் பெயரோடு பிறந்த தேதி என்று ஒருவரை அடையாளம் காட்டும் வரிகள் கிடக்கின்றன. பயனர் பெயரை நீக்கிவிட்டோம் என்பதால் தனிநபர் தரவு போய்விடுவதில்லை. கசிந்த கணக்குகளில் குழந்தைகளின் கணக்குகளும் இருந்தன. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2012-ல் அந்த நிறுவனத்திடம் 2,50,000 டாலர் அபராதம் பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பிள்ளைகளின் தரவை நம் வெளியீட்டில் மறுபடி அச்சடித்துக் கொடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

நடைமுறையில் இன்னொரு தொல்லை, எழுத்துக் குறியாக்கம். கோப்பு முழுவதும் யூடிஎஃப்-8 அல்ல. பல குறியாக்கங்கள் கலந்து கிடக்கின்றன. பைத்தானில் சாதாரணமாகத் திறந்து படித்தால் பாதி வழியில் குறியாக்கப் பிழையோடு நிற்கும். லத்தீன்-1 என்று சொல்லித் திறந்தால் பிழை வராது, ஆனால் ஆங்கிலமல்லாத எழுத்துகள் குப்பையாக மாறி எதனோடும் பொருந்தாமல் போகும். பைட்டுகளாகவே படித்து, யூடிஎஃப்-8 ஆக விரியாத வரிகளைக் கழித்துவிடுவதே சரியான வழி.

இதே பெயரை ஒட்டவைத்து 2021-லும் 2024-லும் வெளிவந்த ராட்சதத் தொகுப்புகளைப் பொருட்படுத்த வேண்டாம். அகராதிச் சொற்களும் உடைபட்ட ஹாஷ் (கடவுச்சொல்லிலிருந்து ஒருவழியாகக் கணக்கிடும் எண்சரம்) துண்டுகளும் குப்பையும் கலந்த மூட்டைகள் அவை. மூலம் எதுவென்று ஒரு வரிக்குக்கூடச் சொல்ல முடியாது.

செக்லிஸ்ட்ஸ்

டேனியல் மீஸ்லர் தொடங்கிய களஞ்சியம். பாதுகாப்புச் சோதனைக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து வைத்திருக்கிறது. எம்ஐடி உரிமம் என்று முகப்பிலேயே போட்டிருப்பதால் திட்டப் பராமரிப்பாளர்கள் பலர் அதற்குள்ளிருந்து ஒரு கோப்பை எடுத்து, 'எம்ஐடி' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்த ஒற்றை வரி போதாது. தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் பிறருக்குக் கொடுக்க முடியாது. களஞ்சியத்தின் அமைப்பு, விளக்கக் குறிப்புகள், பங்களிப்பாளர்கள் தாங்களே உருவாக்கிய பட்டியல்கள் ஆகியவற்றுக்கு எம்ஐடி செல்லும். 'கசிந்த தரவுத்தளங்கள்' அடைவில் கிடக்கும் கோப்புகளின் மேல் அதே லேபிள் ஒட்டியிருந்தாலும் அடியில் பசை இல்லை. ராக்யூ பட்டியலும் அந்த அடைவில்தான் இருக்கிறது. களஞ்சியத்துக்குள் நுழைந்ததால் அது எம்ஐடி ஆகிவிடாது. களஞ்சியத்தின் மதிப்பு இதனால் குறையவில்லை. சோதனைக் கருவியாக அது அருமையான சேவை. கோப்பு வாரியாக மூலம் தேடாமல் அதிலிருந்து எடுத்து விநியோகிப்பதுதான் தவறு.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் பொதுவான கடவுச்சொற்கள் அடைவிலிருக்கும் '10 மில்லியன் பட்டியல்' வகைக் கோப்புகளைப் பாருங்கள். இவற்றின் வேர் தெளிவானது. மார்க் பர்னெட் என்ற ஆய்வாளர் 2015 பிப்ரவரியில் ஒரு கோடி பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளைப் பொதுக்களத்தில் விடுவதாக அறிவித்து வெளியிட்டார். மின்னஞ்சல் முகவரிகளில் தளப் பெயரை வெட்டிவிட்டு, ஆளைக் காட்டிக்கொடுக்கும் தகவலை நீக்கிய பிறகே வெளியிட்டார். வழக்குத் தொடுக்கப்படலாம் என்ற அச்சத்தால் இதை ஏன் வெளியிடுகிறேன் என்று நீண்ட விளக்கமும் எழுத வேண்டியிருந்தது. இன்று கட்டற்ற மென்பொருளில் புழங்கும் பல தடைப்பட்டியல்களின் வேரைத் தேடிப்போனால் இந்த ஒரு மனிதரின் அறிவிப்பில்தான் போய் நிற்கும். ஒரு மனிதர் துணிந்து பெயர் போட்டு, மூலத்தையும் நோக்கத்தையும் எழுதி வைத்ததால் எத்தனை திட்டங்கள் பிழைத்தன என்பதற்கு இது சான்று.

செக்லிஸ்ட்ஸை முழுதாக உங்கள் களஞ்சியத்துக்குள் துணைத்தொகுதியாக இழுக்காதீர்கள். வரலாற்றோடு இறக்கினால் ஜிபி கணக்கில் வரும். உள்ளே வெப்ஷெல் (சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் தீநிரல்) மாதிரிகளும் இருப்பதால் வைரஸ் தடுப்பான்கள் கூச்சலிடும். உங்கள் பயனர் அலுவலகக் கணினியில் மூலநிரலை விரித்த நொடியில் எச்சரிக்கை எழும். கோப்புப் பெயர்களும் அடைவுகளும் அவ்வப்போது மாறுகின்றன. 'மாஸ்டர் கிளையில் இந்தக் கோப்பு' என்று தானியங்கி நிரலில் எழுதி வைத்தால் ஒரு நாள் 404 வந்து கட்டமைப்பு உடையும். குறிப்பிட்ட கமிட்டின் எண்ணைக் கட்டி வைத்து, கோப்பின் ஷா-256 ஹாஷையும் சரிபார்ப்பது நல்லது.

ஓபன்வால், கிராக்ஸ்டேஷன், கிராக்லிப்

ஜான் தி ரிப்பர் என்ற கடவுச்சொல் உடைக்கும் கருவியோடு வரும் ஓபன்வாலின் சிறு பட்டியலைப் பார்த்தால் மனம் குளிர்கிறது. 2011 பதிப்பில் 3,546 வரிகள்தான். கோப்பின் தலையிலேயே குறிப்பு இருக்கிறது: யார் தொகுத்தது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, தொண்ணூறுகளின் யூனிக்ஸ் கணினிகளில் கண்டவை எவை, பின்னர் எந்த வகைப் பட்டியல்களிலிருந்து சேர்த்தவை எவை, பொதுக்களத்தில் இருப்பதாகக் கருதப்படுகிறது என்பது வரை. மூலம் எழுதும் முறைக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது. அளவும் வயதும்தான் குறை. இந்தக் கருவி ஜிபிஎல் உரிமத்தில் வந்தாலும் பட்டியலின் நிலை வேறு என்பதைக் கவனியுங்கள். பதிப்புரிமைக் கோப்பில் அதற்குத் தனிப் பத்தி வேண்டும். அந்தத் தலைக்குறிப்பு வரிகளைப் படிக்கும்போது தாண்ட மறக்காதீர்கள், இல்லையென்றால் குறிப்புகளும் கடவுச்சொற்களாகச் சேர்ந்துவிடும்.

கிராக்ஸ்டேஷன் அகராதியில் சுமார் 149 கோடி வரிகள், விரித்தால் 15 ஜிபி. கசிவுகளோடு விக்கிப்பீடியாவின் சொற்களும் குட்டன்பர்க் திட்டத்து நூல்களின் சொற்களும் உள்ளே கலந்திருக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் 'பெயர் குறிப்பிடுதல், அதேபோல் பகிர்தல்' 3.0 உரிமத்தில் வெளியிடப்பட்டது. இந்த உரிமத்தின் 4.0 பதிப்பிலிருந்து ஜிபிஎல் 3-க்குப் போக 2015-ல் ஒருவழிப் பாலம் போட்டார்கள், 3.0-வுக்கு அந்தப் பாலம் நேரடியாக இல்லை. எனவே இதிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஜிபிஎல் நிரலுக்குள்ளேயே பதித்துத் தொகுத்தால் உரிமங்கள் மோதுகின்றனவா என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். சொற்களுக்கே பதிப்புரிமை இல்லையென்பதால் அந்த நிபந்தனை செல்லாது என்று வாதிடலாம். வாதிடும் நிலையை ஏன் வரவழைக்க வேண்டும்? பயன்படுத்தியே தீர வேண்டுமெனில் தனிக் கோப்பாக, தனிப் பேக்கேஜாக, அதன் உரிமத்தோடு வையுங்கள். எத்தனை முறை வந்தது என்ற எண்ணும் இதில் இல்லாததால் தடைப்பட்டியலுக்கு இது பொருத்தமும் இல்லை.

பலவீனமான கடவுச்சொல்லைத் தடுக்கும் நூலகமான கிராக்லிப் வேறு வகை. டெபியனில் இது கசிந்த தரவை நம்புவதே இல்லை. கணினியில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் அகராதிக் கோப்புகளிலிருந்து தன் தரவுத்தளத்தைக் கட்டிக்கொள்கிறது. உரிமப் பார்வையில் இது மிகச் சுத்தமான வழி. ஆனால் அகராதியில் இல்லாத, ஊருக்கே தெரிந்த விசைப்பலகை வரிசைகள் பலவற்றைச் சொந்தமாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் அப்டேட்-கிராக்லிப் கட்டளையை ஓட்டாவிட்டால் எதுவும் மாறாது. பலர் விடுவது இந்தப் படியைத்தான்.

ஜாங்கோவும் சிக்ஸ்சிவிபிஎன்-னும்

பைத்தான் இணையச் சட்டகமான ஜாங்கோவின் பொதுக் கடவுச்சொல் சரிபார்ப்பான் 1.9 பதிப்பில் பர்னெட்டின் பட்டியலிலிருந்து 1,000 சொற்களோடு வந்தது. 2.1-ல் ராய்ஸ் வில்லியம்ஸ் உருவாக்கிய 20,000 சொற்களுக்கு மாறியது. தொகுத்தவர் யார் என்பதை ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள், பாராட்டத்தக்கது. சொந்தப் பட்டியல் கொடுக்கவும் வழி உண்டு. அங்கே ஒரு பொறி: பயனர் தரும் கடவுச்சொல்லை அது சிற்றெழுத்தாக்கிய பிறகே ஒப்பிடுகிறது, பட்டியலின் வரிகளை அப்படி மாற்றுவதில்லை. உங்கள் பட்டியலில் பேரெழுத்தோடு இருக்கும் எந்த வரியும் ஒருநாளும் பொருந்தாது. முன்கூட்டியே எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கி, இரட்டிப்புகளை நீக்கிக் கொடுக்க வேண்டும். கோப்பு யூடிஎஃப்-8 ஆகவும் இருக்க வேண்டும்.

டிராப்பாக்ஸ் வெளியிட்ட சிக்ஸ்சிவிபிஎன் (zxcvbn), வெறும் பட்டியல் அல்ல; கடவுச்சொல்லின் வலிமையை மதிப்பிடும் நூலகம். 30,000 பொதுக் கடவுச்சொற்களோடு, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெயர்கள், ஆங்கில விக்கிப்பீடியாவிலும் தொலைக்காட்சி, திரைப்பட வசனங்களிலும் அதிகம் வரும் சொற்கள் ஆகியவற்றை எம்ஐடி உரிமத்தில் தருகிறது. மூலத் தரவிலிருந்து இந்தப் பட்டியல்களை உருவாக்கிய நிரல்களும் களஞ்சியத்திலேயே இருப்பதால் எது எங்கிருந்து வந்தது என்று பின்தொடர முடிகிறது. விக்கிப்பீடியாவின் உரை 'அதேபோல் பகிர்தல்' உரிமத்தில் இருந்தாலும், ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்பது உண்மைத் தகவல். உரையின் வெளிப்பாடு அதில் எஞ்சவில்லை. அதனால் எம்ஐடி லேபிள் இங்கே தாங்கும் என்றே கருதுகிறோம். சுமார் 800 கேபி எடை, 2017-க்குப் பின் புதிய வெளியீடு இல்லாதது, ஆங்கிலச் சாய்வு ஆகியவை குறைகள்.

போன்ட் பாஸ்வேர்ட்ஸ்

இந்த மதிப்பாய்வில் முதலிடம் இதற்கே. தன் கணக்கு கசிந்ததா என்று எவரும் பார்க்க உதவும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தை நடத்தும் ஆஸ்திரேலியரான டிராய் ஹண்ட், கசிந்த கடவுச்சொற்களின் இந்தப் பட்டியலை 2017 ஆகஸ்டில் 30 கோடியே 60 லட்சம் கடவுச்சொற்களோடு தொடங்கினார். 2021 டிசம்பரில் பிரிட்டனின் தேசியக் குற்றத் தடுப்பு முகமை கொடுத்தவையும் சேர்ந்து 84 கோடியே 70 லட்சத்தைத் தாண்டியது. சேவையின் நிரல் அதே ஆண்டில் கட்டற்ற உரிமத்தில் திறக்கப்பட்டது.

உரிம நிலையைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தத் தளத்தின் மற்ற தரவுகளுக்கு, அதாவது எந்தத் தளம் எப்போது கசிந்தது போன்ற விவரங்களுக்கு, கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல் 4.0 பொருந்தும். கடவுச்சொல் பகுதிக்கு மட்டும் உரிம நிபந்தனையோ பெயர் குறிப்பிடும் கட்டாயமோ இல்லை, குறிப்பிட்டால் மகிழ்ச்சி என்று ஆவணம் சொல்கிறது. தாராளமான நிலைதான். ஆனாலும் 'நிபந்தனை இல்லை' என்ற வாசகம் முறையான உரிம உரை ஆகாது. டிஸ்ட்ரோக்களின் (டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடுகளின்) பதிப்புரிமைச் சோதனையில் 'உரிம உரை எங்கே?' என்று கேட்பார்கள். சிசி0 என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் அந்தக் கேள்வியே எழாது. அது போடும்வரை, ஆவணத்தின் அந்த வரிகளை நகலெடுத்த தேதியோடு பதிப்புரிமைக் கோப்பில் சேர்த்துவிடுவதுதான் வழி.

பட்டியல் வெளிப்படையான எழுத்தில் இல்லை. ஷா-1 அல்லது (வின்டோஸ் பயன்படுத்தும்) என்டிஎல்எம் ஹாஷ், அடுத்து முக்காற்புள்ளி, அடுத்து எண்ணிக்கை. பயன்படுத்த இரண்டு வழிகள்.

முதல் வழி, இணையம் மூலம் கேட்பது. கடவுச்சொல்லின் ஷா-1-ல் முதல் 5 எழுத்துகளை மட்டும் அனுப்புகிறோம். பதினாறடிமான எண்கள் என்பதால் மொத்தம் 10,48,576 பிரிவுகள். அந்தப் பிரிவில் வரும் மீதி 35 எழுத்துகளையும் எண்ணிக்கையையும் சேவை திருப்பி அனுப்புகிறது; பொருந்துகிறதா என்று நம் பக்கமே பார்த்துக்கொள்கிறோம். முழு ஹாஷ் வெளியே போவதில்லை. பதிவுச் சாவியும் கட்டணமும் தேவையில்லை. பட்டியலை நீங்கள் விநியோகிக்கவே இல்லை என்பதால் உரிமக் கேள்வியும் இல்லை.

இங்கே தவறு நடக்கும் இடங்கள் சில. விடை பேரெழுத்தில் வரும். உங்கள் ஹாஷ் சிற்றெழுத்தில் இருந்தால் எதுவும் பொருந்தாது, பிழைச்செய்தியும் வராது, எல்லாக் கடவுச்சொல்லும் நல்லதாகத் தெரியும். முனையத்தில் எக்கோ கட்டளையால் சோதித்தால் வரி முடிவுக்குறி ஒட்டிக்கொண்டு ஹாஷ் மாறிவிடும். விடையின் நீளத்தை வைத்து யாரும் ஊகிக்காதிருக்க நிரப்பல் வசதியைக் கேட்டால் 800 முதல் 1,000 வரிகள் வரும். அவற்றில் எண்ணிக்கை 0 என்று வருபவை பொய் வரிகள், ஒதுக்கிவிட வேண்டும். சேவை எட்டவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்; பதிவையே நிறுத்திவிடுவது தவறு, உள்ளூர்ச் சிறு பட்டியலுக்குத் திரும்புவது சரி. தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களுக்கு ஒன்று: 'கொ' என்பதன் கொம்பும் காலும் சேர்ந்த குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஹாஷ் வேறு. ஒப்பிடும் முன் இயல்பாக்கம் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது வழி, முழுப் பட்டியலையும் இறக்கி உங்கள் வெளியீட்டுக்கான சிறு பட்டியலை நீங்களே வெட்டுவது. இணையம் இல்லாத இடத்திலும் ஓட வேண்டிய மென்பொருளுக்கு இதையே பரிந்துரைக்கிறோம். டாட்நெட்டில் எழுதப்பட்ட அதிகாரப்பூர்வ இறக்கிக் கருவி பிரிவு பிரிவாக எடுத்து ஒரே கோப்பாகக் கோக்கும். ஒரு வரிக்கு ஏறக்குறைய 45 பைட், 85 கோடி வரி என்று வைத்தாலே 38 ஜிபி. வரிசைப்படுத்த அதே அளவு தற்காலிக இடமும் வேண்டும். கோப்பு ஹாஷ் வரிசையில் இருக்கும். முக்காற்புள்ளிக்கு அடுத்த எண்ணை வைத்து இறங்குவரிசையில் அடுக்கி, முதல் 1,00,000 வரிகளை எடுங்கள். ஒவ்வொரு ஹாஷிலும் முதல் 8 பைட் போதும். மொத்தம் 800 கேபி. தவறாகப் பொருந்தும் வாய்ப்பு பொருட்படுத்தத்தக்கதல்ல. இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் ப்ளூம் வடிகட்டி, அதாவது சிறு தவறை ஏற்று பட்டியலைச் சுருக்கி வைக்கும் அமைப்பு: 10 லட்சம் வரிகளுக்கு, ஆயிரத்தில் ஒன்று தவறலாம் என்று ஏற்றுக்கொண்டால் 1.8 எம்பி ஆகும்.

ஹாஷாக வைப்பதில் இன்னொரு நன்மை, ஆபாசச் சொற்களும் இழிசொற்களும் மூலநிரலில் கண்ணில் படாது. ஆனால் ஹாஷ் செய்தாலே தனிநபர் தரவு மறைந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. உப்பு, அதாவது ஒவ்வொன்றுக்கும் வேறான சீரற்ற எண், சேர்க்காத ஷா-1 அது. பத்து இலக்கத் தொலைபேசி எண்கள் மொத்தமே 1,000 கோடிதான். ஒரு நல்ல வரைகலை அட்டை அத்தனையையும் சில நொடிகளில் ஹாஷ் செய்து பொருத்திவிடும். காப்பது எண்ணிக்கை வரம்புதான். ஆயிரக்கணக்கான முறை வந்த கடவுச்சொல் எந்த ஒருவருக்கும் உரியதாக இருக்க வாய்ப்பில்லை. ஒரே முறை வந்தது ஒருவருடையதுதான். வரம்பை 1,000-க்குக் கீழே இறக்க வேண்டாம்.

வெளிப்படையான எழுத்தில்தான் வேண்டும், உதாரணமாக ஜாங்கோவுக்கு, என்றால் திசையைத் திருப்புங்கள். கட்டற்ற உரிமமுள்ள அகராதிச் சொற்கள், சொல்லோடு ஆண்டு எண், விசைப்பலகை வரிசைகள், திரும்பத் திரும்ப வரும் எண்கள் என்று வேட்பாளர்களை நீங்களே நிரலால் உருவாக்குங்கள். ஒவ்வொன்றையும் ஹாஷ் செய்து, இறக்கிய கோப்பில் எண்ணிக்கையைப் பாருங்கள். வரம்பைத் தாண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொற்கள் உங்களுடையவை அல்லது தெளிவான உரிமம் உடையவை, எண்ணிக்கை நிபந்தனையற்ற மூலத்திலிருந்து வந்தது. திருடப்பட்ட கோப்பு எதையும் நீங்கள் தொடவே இல்லை. நீங்கள் நினைத்துப் பார்க்காத கடவுச்சொற்கள் விடுபடும் என்பது இதன் விலை. எந்த வழியானாலும், உங்கள் மென்பொருள் ஏற்கும் குறைந்தபட்ச நீளம் 8 என்றால் அதற்குக் குறைவான வரிகளைக் கழித்துவிடுங்கள். '123456' பட்டியலில் இருந்து பயனில்லை, நீள விதியே அதை நிறுத்திவிடும். ஹாஷ் பட்டியலில் நீளம் தெரியாது என்பதால் இந்தச் சுருக்கல் எழுத்துப் பட்டியலில் மட்டுமே நடக்கும்.

கோப்பில் என்ன எழுதுவது

பட்டியல் கோப்புக்குப் பக்கத்திலேயே, கோப்பு வாரியாக உரிமம் குறிக்கும் ரியூஸ் முறைப்படி ஓர் உரிமக் கோப்பு வையுங்கள். உங்கள் சொந்த வேலைக்கு, அதாவது தேர்வுக்கும் வெட்டலுக்கும், சிசி0 கொடுக்கலாம். ஃபெடோரா 2022-ல் நிரலுக்கு சிசி0-வை ஏற்பதை நிறுத்தியது. காரணம் அதில் காப்புரிமை (பேட்டன்ட்) அனுமதி இல்லாதது. தரவுக்கும் உள்ளடக்கத்துக்கும் தடை இல்லை. எனவே பட்டியலுக்கு சிசி0, அதை உருவாக்கும் நிரலுக்கு உங்கள் திட்டத்தின் உரிமம் என்று பிரித்துப் போடுங்கள். ரியூஸ் லின்ட் கட்டளை விடுபட்ட கோப்புகளைக் காட்டிக்கொடுக்கும்.

அதே குறிப்பில் மூலத்தின் பெயர், இறக்கிய தேதி, எண்ணிக்கை வரம்பு, செய்த மாற்றங்கள், உருவாக்கும் நிரலின் இருப்பிடம் ஆகியவற்றையும் எழுதுங்கள். வேறொருவர் அதே நிரலை ஓட்டினால் அதே பட்டியல் வர வேண்டும். சம எண்ணிக்கை உள்ள வரிகள் ஒவ்வொரு முறையும் இடம் மாறாமலிருக்க, இரண்டாவது அடுக்கு விதியாக ஹாஷ் வரிசையைக் கொடுங்கள். பட்டியலை நிரலுக்குள் மாறிலியாகப் பதிக்காமல் தனிக் கோப்பாக வைத்தால், அதை ஏற்காத டிஸ்ட்ரோ அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கிவிட்டு மீதியை வெளியிட முடியும். கோப்பு இல்லாதபோது மென்பொருள் நின்றுவிடாமல், பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டுத் தொடரும்படி நிரல் அமைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் ஒருமுறை புதுப்பித்தால் போதும். பட்டியலின் தலைப்பகுதி ஆண்டுக்காண்டு அதிகம் மாறுவதில்லை.